இடைவேளை விட்ட இடம்

படத்தின் பின்பாதியை முதலிலும் முன்பாதியை அடுத்தும் போட்டுக் காட்டியவன் நான்தான். பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து பார்த்த ஒருவருக்கும் அது தெரியவில்லை என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

லேப்டாப்பில் படம் இரண்டு துண்டாக இருந்தது. எது முதல் துண்டு என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைக் கீழே கிரைண்டர் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். படியிறங்கி ஏறினால் என் முழங்கால் ஒரு வாரத்துக்கு என்னோடு பேசாது. கைக்கு வந்ததை அமுக்கினேன். கதாநாயகன் செத்தான். கதாநாயகி கைப்பிள்ளையோடு மாட்டுவண்டி ஏறி ஊரைவிட்டுப் போனாள். அடுத்த துண்டில் செத்தவன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு அவளைப் பெண் பார்க்க வந்தான்.

"என்னண்ணே இது, இவன் செத்துட்டான்ல?" என்றான் விருமாண்டி. மைக்செட் வைத்திருப்பவன், எதையும் சத்தமாகத்தான் கேட்பான்.

"அதுதான்டா டைரக்டரு. முடிவை முதல்லயே காட்டிட்டு, எப்படி இங்க வந்து நின்னுச்சுன்னு பின்னாடி சொல்லுறாரு. அந்தக் காலத்துலயே அம்புட்டுத் துணிச்சல்."

பள்ளிக்கூட டீச்சர் பவதாரிணி இதைத் தன் போனில் குறித்துக்கொண்டாள். படம் முடிந்த பிறகு அந்தத் துணிச்சலைப் பற்றித்தான் பேச்சு. சாகப்போகிறான் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் கல்யாணக் காட்சியில் அழுகை வருகிறது என்றாள் டீச்சர். எனக்கும் வந்தது. இப்போதும் சொல்கிறேன், அந்தப் படம் அப்படிப் பார்த்தால்தான் நன்றாக இருக்கிறது.

பழங்காநத்தத்தில் பேயாண்டி வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துவிட்டுக் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். சண்டைப்படம், சிரிப்புப்படம் கிடையாது. குடும்பப்படம் மட்டும். கலர் வந்ததும் முகத்திலிருந்து நடிப்பு இறங்கிச் சட்டைக்குப் போய்விட்டது என்பது பேயாண்டியின் கட்சி. பெங்களூரில் இருக்கும் அவன் மகன் முத்துக்குமரன் புரொஜெக்டர் அனுப்பியிருந்தான். தகரத்து ஓட்டைகளில் அரிசிச் சாக்கைத் திணித்து இருட்டாக்கிவிடுவோம். பங்குனி வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் யார் அழுகிறார்கள், யார் வேர்க்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பேயாண்டியும் நானும் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். மில்லை மூடிய பிறகு அவனும் அவன் மனைவி சோலையம்மாளும் வீட்டு முன்னறையில் இட்டிலி மாவு அரைத்து விற்கிறார்கள். மில்லை மூடிய பிறகு நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், அவர்கள் மாவு அரைப்பதைப் பார்க்கிறேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பார்ப்பதற்கு என்று வேறு எதுவும் அமையவில்லை.

சோலையம்மாள் படம் பார்க்க உட்காருவதில்லை. பாதிப் படத்தில் குழிப்பணியாரமும் கடலைச் சட்டினியும் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். அதைக் காட்டிப் பேயாண்டி கூட்டத்தில் தவறாமல் ஒரு வசனம் சொல்வான். "எம் பொண்டாட்டி இன்னைய வரைக்கும் சினிமாக் கொட்டகை வாசப்படியை மிதிச்சதில்ல. எங்க அம்மா வளர்ப்பு அப்படி." மாமியார் எப்படி மருமகளை வளர்த்திருக்க முடியும் என்று யாரும் கேட்டதில்லை. பணியாரம் அவன் வீட்டுப் பணியாரம்.

அன்றைக்குத் தட்டு எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று எங்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"வீரணண்ணே, பின்னாடி உள்ளதைத் தூக்கி முன்னாடி போட்டுட்டீக."

"இல்ல தாயி, அது டைரக்டரு..."

"டைரக்டரு என்ன செய்வாரு, நீங்க செஞ்சதுக்கு. அந்தப் பிள்ள கிணத்தடியில வளையலைக் கழட்டி வாளிக்குள்ள போடும்ல, அங்கனதான் இடைவேளை விடுவாக. லைட்டைப் போட்டதும் சனம் பூராம் மூக்கைச் சிந்திக்கிட்டே முறுக்கு வாங்க ஓடும்."

சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். விருமாண்டி சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. டீச்சர் போனில் எழுதியதை அழித்தாள். என் மானம் போன துக்கத்தில் பேயாண்டியின் முகத்தை நான் பிந்தித்தான் கவனித்தேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டு டிவியில் பார்த்தவளுக்கு விளம்பரம் எங்கே வந்தது என்றுதான் தெரியும். இடைவேளை எங்கே விட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கேட்டிருக்கிறான். "கொட்டகைக்கு யாரோட போன?"

"உளுந்து ஊறிருச்சு. அள்ளிப் போடுங்க" என்றாளாம்.

மறுநாளும் கேட்டான். அரிசி களைகிற சத்தம் மட்டும் வந்தது. அதற்கடுத்த நாள் அவன் கேட்கவில்லை. அப்படியே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

மாவு வியாபாரத்தில் பேச்சு எதற்கு என்று நினைப்பவர்கள் உப்பைப் பற்றி யோசிக்காதவர்கள். அந்த வீட்டில் உளுந்தை ஆட்டி எடுப்பது அவள். அரிசி மாவை வழித்து அதோடு சேர்ப்பது அவன். கையை முழங்கை வரை விட்டு அவள் கலக்கும்போது "ம், போடுங்க" என்பாள்; அவன் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவான். "போதும்" என்பாள், நிறுத்துவான். இத்தனை வருடமாக இந்த இரண்டு வார்த்தையில்தான் பழங்காநத்தத்துப் பாதி வீடுகள் இட்டிலி தின்றன. இப்போது அவள் "போடுங்க" சொல்வதில்லை. சில நாள் அவள் போட்டுக்கொண்டாள், அது தெரியாமல் அவனும் போட்டான். சில நாள் இருவருமே போடவில்லை.

"அண்ணே, நேத்து மாவு கடலுத் தண்ணி, இன்னைக்கு மாவு கிணத்துத் தண்ணி" என்று விருமாண்டி இரண்டு பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். "எங்கம்மா ரெண்டையும் கலந்து ஊத்திப் பார்த்துச்சு. சரியாத்தான் இருக்கு. ஆனா தெனமும் ரெண்டு நாள் மாவு வாங்க எங்களுக்குக் கட்டுபடியாகாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன படம் என்பது புதன்கிழமை முடிவாகும். பேயாண்டி பாக்கெட்டில் மாவை ஊற்ற, நான் அதன் வாயை ஒட்டிக்கொண்டே கதைகளைச் சொல்வேன். அவன் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். அந்தப் புதன்கிழமை நான் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டான்.

"புருசன் ராணுவத்துலருந்து சொல்லாமக் கொள்ளாம வந்து, சன்னல் வழியா பொண்டாட்டி எவனோடயோ பேசிக்கிட்டு இருக்கிறதைப் பார்ப்பானே, அந்தப் படம்."

"அது கூட்டத்துக்கு ஆகாது மச்சான். பாதிக்கு மேல மழை. வசனமே இல்ல."

"வசனம் வேணாம். எனக்கு மூஞ்சி போதும்."

யார் மூஞ்சி என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. "இன்னைக்கு எல்லாரும் உக்காரணும், பணியாரம் போடுற ஆளும் உக்காரணும்" என்று ஒரு நாற்காலி போட்டான். தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டான். நாங்கள் படத்தைப் பார்த்தோம். அவன் சோலையம்மாளைப் பார்த்தான். படத்தில் புருசன் மழையில் நனைந்துகொண்டே சன்னலில் எட்டிப் பார்த்தபோது, அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். பேயாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்பக் கலந்து பேசுவம்" என்றான் முடிந்ததும். "அந்தப் பொம்பள மறைச்சது சரியா தப்பா?"

"அவ ஒண்ணும் மறைக்கலையே சார், அது அவ அண்ணன்தானே" என்றாள் பவதாரிணி.

"அண்ணன்னு யாரு சொன்னது? அவளே சொன்னது."

"சாமான் கழுவுற எடத்துல வெளிச்சம் இல்லாமப் போகும்" என்று எழுந்த சோலையம்மாள், வாசலில் திரும்பினாள். "லீவுல வந்த மனுசன் வீட்டுக்குள்ள போயி ஒரு வாய் சோறு தின்னுருக்கலாம். அம்புட்டு நேரம் மழையில நின்னு காச்சலை இழுத்துக்கிட்டதுதான் மிச்சம்."

விருமாண்டி கைதட்டினான். தட்டியிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் நான் சூழ்ச்சி செய்தேன். புருசன் பெண்டாட்டி இல்லாத, அத்தை மகன் மாமன் மகன் இல்லாத, சன்னலே இல்லாத ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பப்படத்தைத் தேடினேன். அப்படி ஒன்று இந்தத் தேசத்தில் எடுக்கப்படவில்லை. கடைசியில் இரண்டு சகோதரர்கள் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போகும் படம் அகப்பட்டது. ஓடுகிற நேரமெல்லாம் வக்கீல்கள். நிம்மதியாக இருந்தேன். முடியப் போகிற நேரத்தில் மூத்தவனின் மனைவி கூண்டில் ஏறி, அந்த வரப்பில் தான் யாருக்காகக் காத்திருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பேயாண்டி என்னைப் பார்த்த பார்வை, நானும் அதற்கு உடந்தை என்றது.

அந்தப் பார்வையில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் உண்டானதை மறைக்கப் போவதில்லை. ஏனென்றால் அவன் சந்தேகப்படாத ஆள் கிடையாது. மில் சூப்பர்வைசர், பழைய பால்காரர், மாமியார் வீட்டுக்கு எதிர்வீட்டில் தவில் வாசித்தவர், எல்லாரையும் ஒரு சுற்று வந்துவிட்டான். என் பெயர் மட்டும் வரவில்லை. வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை; அவள் எனக்குத் தங்கை முறை. ஆனாலும் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் எனக்கும் சுருட்டை முடி இருந்தது.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சலும் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போதுதான் அது வரும். சந்தேகப்படுவதற்காவது அவன் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதே என்று இருக்கும்.

"மச்சான், கிளம்பு. கல்லுப்பட்டி போயிட்டு வருவம்" என்றான் ஒரு காலையில்.

"அங்க இருக்குற ஆசிரமத்துலயா சேரப் போற?"

"ராஜபாண்டியப் பார்க்கணும்."

ராஜபாண்டி சோலையம்மாளின் சொந்த அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை அவருக்குத்தான் இருந்தது. ஏதோ நகைப் பேச்சில் அது நின்றுபோய்ப் பேயாண்டிக்கு வந்தது. கல்யாணத்தன்று ராஜபாண்டி சாப்பிடாமல் போனார் என்பதைப் பேயாண்டி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான், ரொம்பப் பெருமையாக.

திருமங்கலம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் வெயில் ஏறி உட்கார்ந்தது. பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. மக்காச்சோளத் தட்டையை அறுத்துக் கட்டுகிறவர்கள் தலையில் துண்டைப் போர்த்திக் குனிந்திருந்தார்கள். பேயாண்டி எதையும் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, கேட்கப் போவதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

டி. கல்லுப்பட்டியில் ராஜபாண்டி பஞ்சர் கடை வைத்திருந்தார். பெரிய உடம்பு, இரண்டு முழங்காலிலும் பட்டி. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் ஈரக்கையோடு எழுந்து டீயும் உளுந்த வடையும் சொன்னார்.

"தங்கச்சி சௌக்கியமா தம்பி?" என்றார் பேயாண்டியிடம்.

"தங்கச்சிங்கறீக. முறை அது இல்லையே."

"உனக்குக் கட்டிக் குடுத்த அன்னைக்கே தங்கச்சின்னு சொல்லிட்டேன். இல்லாட்டி நல்லது கெட்டதுக்கு எப்படி வந்து போக?"

பேயாண்டி பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அவளைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானேண்ணே?" என்று கேட்டுவிட்டான். நான் வடையை வாய்க்குள் பாதியில் நிறுத்தினேன். டயர் கழற்றும் கம்பி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

ராஜபாண்டி கோபப்படவில்லை. டீயை ஆற்றினார்.

"கூப்பிட்டேன் தம்பி. பொய் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தி, சித்திரைத் திருவிழாவுக்கு வந்தப்ப, டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு அவ வீட்டு வாசல்ல நின்னேன். எனக்குப் படமே பிடிக்காது, தலைவலின்னுட்டா. நான் மட்டும் போயி உக்காந்து எந்திரிச்சு வந்தேன்."

"படம் பிடிக்காதுன்னாளா?"

"பிடிக்காதுன்னா." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போயிருக்காங்கறியா? யாரோட?"

"அதைத்தான் உங்ககிட்டக் கேக்க வந்தேன்."

"என்கூட வராதவ, யாரோட போனா?" என்றார் ராஜபாண்டி. குரல் மாறிவிட்டது. "நல்லா விசாரிச்சியா தம்பி? அந்த மேலத்தெருக்காரன் ஒருத்தன் புல்லட் வச்சுக்கிட்டுத் திரிவான்."

பஸ் ஏறும் வரை இருவரும் அந்தப் புல்லட்காரனைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கூடப் பிறந்தவர்கள் தோற்றார்கள், அப்படி ஓர் ஒற்றுமை. அதன் பிறகு ராஜபாண்டி தினமும் போன் செய்து, "துப்புக் கிடைச்சுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவனுக்குப் பேயாண்டி முறுக்கு மீசை வைத்திருந்தான். ராஜபாண்டி புல்லட் வாங்கிக் கொடுத்திருந்தார். என் பங்குக்கு நானும் அவனுக்குச் சுருட்டை முடி வைத்திருந்தேன். முகம் தெரியாத அவன் மேல் மூன்று கிழவர்களுக்கும் ஒரே மாதிரி எரிந்தது.

வாடிக்கை பாதியாகக் குறைந்த பிறகு பேயாண்டி அந்த முடிவுக்கு வந்தான். கிரைண்டரை விலை பேச ஆள் வரச் சொல்லிவிட்டான். பெங்களூருக்குப் போய் மகனோடு இருந்துகொள்வானாம். தான் மட்டும்.

"தங்கச்சி?"

"கூட்டிட்டுப் போனவன் வந்து பார்த்துக்கட்டும்."

"கோட்டி பிடிச்சிருச்சாடா உனக்கு? இந்த வயசுல?"

"மச்சான்," என்றான் மெதுவாக. மாவு படிந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் மில்லுல பகல் ஷிப்டு நிக்கும்போது, அவ வீட்ல இருக்கான்னு நெனச்சுக்கிட்டேதான் நின்னேன். அந்தப் பஞ்சுத் தூசியில எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப அது பொய்யின்னு ஆயிருச்சு. நீ போய்க் கேளு. உன்கிட்டச் சொல்லுவா. யாருன்னு மட்டும் தெரிஞ்சிருச்சுன்னா நான் இங்கனயே கெடந்துக்கிருவேன். சத்தியமா."

எனக்குக் கேலி ஏதும் வரவில்லை. அது எப்போதாவதுதான் நடக்கும்.

அது ஞாயிற்றுக்கிழமை. படம் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. கிரைண்டர்காரர் சாயங்காலம் வருவதாக இருந்தது. முழங்காலைக் கெஞ்சிக் கூத்தாடி மாடி ஏறினேன். சோலையம்மாள் தகரத்து ஓட்டைகளில் திணித்த சாக்குகளை உருவி உதறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சாக்காக வர வர, கொட்டகைக்குள் வெயில் ஊசி ஊசியாக இறங்கியது.

"கீழ நிக்கிறவரு அனுப்பி விட்டாராக்கும்."

"ஆமா. ஆனா எனக்கும் தெரியணும். மறைக்க மாட்டேன்."

"உங்களுக்கு என்னத்துக்குண்ணே?"

"தெரியல தாயி. ராவும் பகலும் அந்த ஆளு மூஞ்சிதான் வருது. யாரு அது?"

அவள் சாக்கைக் கீழே போட்டாள். ஒரு நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, தான் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஒருத்தரும் இல்லண்ணே. நான் மட்டுந்தான் போனேன்."

"ஒரே ஒரு தடவையா?"

"கட்டிக்கிட்டு வந்த புதுசுல. முத்துக்குமரன் வயித்துல வர்ற வரைக்கும். வெள்ளிக்கெழமை பரங்குன்றம் கோயிலுக்குப் போறேன்னு மாமியாகிட்டச் சொல்லிட்டுக் கிளம்புவேன். வழியிலயே எறங்கிக்கிருவேன். பழைய படமா ஓட்டுவாக, மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டமே இருக்காது. வரும்போது பிள்ளையார்கிட்டத் திருநீறு எடுத்துப் பூசிக்கிட்டு வந்துருவேன். கோயில்ல கூட்டம்னா மாமியா நம்பிரும்."

என் தலைக்குள் இருந்த சுருட்டை முடிக்காரன் எழுந்து போனான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இம்புட்டுத்தானா? இதைச் சொல்லாமலா அந்தப் பயல அலைய விட்ட? கேட்டான்னா சந்தோசத்துல குதிப்பான். இரு, இப்பவே எறங்கிச் சொல்லிர்றேன்."

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தேன்.

"அந்த வீட்ல விடிஞ்சதுலருந்து யாராச்சும் என்னையக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. மாமியா, கொழுந்தனுக, ராத்திரியானா இவரு. நல்ல மனுசருதான், ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். அங்க லைட்டை அணைச்சதும் என்னைய யாரும் கூப்பிட மாட்டாக. அந்த ரெண்டரை மணி நேரத்துக்காக வாரம் பூராம் காத்துக் கெடப்பேன்." அவள் கீழே எட்டிப் பார்க்கவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். "எவனோ ஒருத்தன் கூட்டிட்டுப் போனான்னு இருந்துட்டா, அவனை நாலு மாசம் வஞ்சுட்டு ஆறிருவாரு. எவனும் வேணாம், இவரும் வேணாம்னுதான் அங்க நான் போனேன்னு தெரிஞ்சா, இவரு யாரைண்ணே வைவாரு?"